பனியை அகற்றிய சிறுமி

ஜூன் இரண்டாம் வாரத்தில் ஸ்வீடனின் எந்த ஊரில் இருந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்க வேண்டியதில்லை. காலையில் தெருமுனையில் நின்றால் போதும். வெள்ளைச் சட்டையும் பூப்போட்ட கவுனுமாகப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போகிறார்களோ அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். கையில் டீச்சருக்குப் பூங்கொத்து. பின்னாலேயே தாத்தா பாட்டிகள், தள்ளுவண்டியில் கைக்குழந்தைகள், வேலையிடத்தில் அனுமதி கேட்டு வந்த அப்பாக்கள். அன்றுதான் கல்வியாண்டின் கடைசி நாள். நாளை முதல் ஏறக்குறைய பத்து வாரம் விடுமுறை.

லின்ஷோப்பிங் நகரத்தின் தொடக்கப் பள்ளி ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனவர் அதே ஊரில் பல காலம் இசை கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. எழுபதைக் கடந்தவர், வேகமாக நடப்பவர். “பேச்சும் பரிசும் எல்லா ஊரிலும் உண்டு. நீங்கள் பாட்டை மட்டும் கவனியுங்கள்” என்று போகும்போதே சொல்லிவிட்டார்.

மைதானத்தில் பிர்ச் மரக் கிளைகளைக் கட்டி வாசல் வைத்திருந்தார்கள். நீலமும் மஞ்சளுமாகக் கொடி. வெயில் பளிச்சென்று அடித்தாலும் காற்று குளிர்ந்தது. பதின்மூன்று டிகிரிக்கு மேல் இருக்காது. முன்வரிசையில் ஏழு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி. அம்மா நீட்டிய கம்பளிச் சட்டையை வாங்கி, மடித்து, அம்மாவின் பைக்குள்ளேயே திருப்பித் திணித்தாள். கைகள் சிலிர்த்துப் போயிருந்தன, மூக்கு நுனி சிவந்திருந்தது. ஆனாலும் அசையவில்லை. கோடை வந்தாயிற்று, கோடையில் யார் கம்பளி போடுவார்கள் என்பது அவள் கட்சி. சுற்றிலும் பார்த்தேன். மைதானம் முழுக்க அதே கட்சிதான், பெரியவர்கள் உட்பட.

பிள்ளைகள் இரண்டு பாட்டுப் பாடினார்கள். முதலாவது மிகப் பழையது, 1695ஆம் ஆண்டின் ஸ்வீடிஷ் துதிப்பாடல் நூலிலேயே இருப்பது. ‘டென் ப்ளோம்ஸ்டெர்டீட் நூ கொம்மர்’ என்று பெயர். கோட்லாந்து தீவில் திருச்சபைக் கண்காணிப்பாளராக இருந்த இஸ்ரயேல் கோல்மோதின் எழுதியது என்பது மரபு. தீவில் ஓர் ஊற்றின் அருகே உலாவும்போது அவருக்கு அது தோன்றியதாக அங்கே இன்றும் இடம் காட்டுவார்கள். பூக்கும் காலம் வருகிறது, கதிரவன் நெருங்குகிறான், மண் மறுபடி உயிர்க்கிறது என்று நிதானமாக ஏறிப் போகும் பாட்டு. பின்வரும் பத்திகளில் இறைவனின் கொடைக்கு நன்றி வரும். பெரியவர்கள் தாள் பார்க்காமல் கூடவே பாடினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

இரண்டாவது பாட்டு தொடங்கியதும் கூட்டத்தின் உடம்பே மாறியது. இதுவரை விறைத்து நின்ற பிள்ளைகள் தோளை ஆட்டத் தொடங்கினார்கள். ‘ஈடாவின் கோடைப் பாட்டு.’ குழந்தைக் கதைகளுக்குப் பேர்போன ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் எழுதி, யேயோரி ரீடல் இசையமைத்தது. எமீல் என்ற குறும்புக்காரச் சிறுவனைப் பற்றிய லிண்ட்கிரெனின் கதைகளை வைத்து 1973இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றில் எமீலின் தங்கை ஈடாவாக நடித்த லேனா விஸ்போரி என்ற சிறுமி பாடியது. சினிமாப் பாட்டுத்தான். ஆனால் இன்று அது சினிமாப் பாட்டு என்று நினைப்பவர்கள் குறைவு. படத்தைப் பார்த்திராத பிள்ளைக்கும் பாட்டு தெரியும்.

அதில் ஈடா சொல்வதன் சாரம் இவ்வளவுதான்: கோடை தானாக வராது, யாராவது முனைந்து வேலை பார்க்க வேண்டும், பார்ப்பது நான். பூக்களைப் பூக்க வைப்பது, மாடு மேயும் புல்வெளிக்குப் பச்சை ஏற்றுவது, ஓடையில் தண்ணீரைத் துள்ள விடுவது எல்லாம் அவள் பொறுப்பு. பனியை அப்புறப்படுத்தியவளும் அவளே. மாலை வானத்துக்கு இளஞ்சிவப்பு அடிக்கிறாள். மரத்துக்குப் புது இலை, அங்கங்கே குருவிக்கூடு. தகைவிலான் குருவிகளைப் பறக்க விட்டவள் அவற்றுக்குத் தீனி வேண்டுமே என்று கொசுக்களையும் உண்டாக்கிவிடுகிறாள். பிள்ளைகளுக்குக் காட்டு ஸ்ட்ராபெரி, ஓடியாட இடம். பட்டியல் முழுக்க நான், நான், நான்தான். எங்கும் ஒரு நன்றி இல்லை, வேண்டுதல் இல்லை.

எனக்குப் பிடித்தது அந்தக் கொசுதான். பெரியவர்கள் யாராவது கோடையைப் படைத்திருந்தால் கொசுவைச் சேர்த்திருக்க மாட்டார்கள். குழந்தைதான் குருவியின் சாப்பாட்டை யோசிக்கும். அந்த இடத்தில் லிண்ட்கிரெனின் கை தெரிகிறது. இனிப்பான பாட்டு எழுத உட்கார்ந்தவர் மாதிரி இல்லாமல், பண்ணையில் வளர்ந்தவர் மாதிரி எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டு பாட்டும் ஒரே காலையில், அடுத்தடுத்து, ஒரே வாயில் வருவதைத்தான் ஆசிரியை என்னைக் கவனிக்கச் சொன்னார் என்று பிறகு புரிந்தது. ஒன்றில் கோடை மேலிருந்து அருளப்படுகிறது. மற்றதில் ஒரு சின்னஞ்சிறு பெண் அதைச் செய்து தருகிறாள். நடுவில் 278 ஆண்டுகள். இரண்டையும் பாடுகிறார்கள். ஆனால் இந்த நாட்டில் சில வாரம் சுற்றியபின், இவர்கள் எதை நம்புகிறார்கள் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் ஈடாவை என்பேன்.

துதிப்பாடலைப் பள்ளியில் பாடலாமா என்பது இங்கே ஆண்டுதோறும் மே மாதத்தில் கிளம்பும் சர்ச்சை. ஸ்வீடனின் கல்விச் சட்டப்படி பொதுப்பள்ளியின் கல்வி மதச்சார்பற்றது. அப்படியானால் கடைசி நாள் விழாவைத் தேவாலயத்தில் நடத்தலாமா, பாதிரியார் பேசலாமா, கடவுள் பெயர் வரும் பாட்டைப் பாடலாமா என்று செய்தித்தாள்களில் கடிதம் பறக்கும். தேவாலயக் கட்டடத்தைப் பயன்படுத்தலாம், வழிபாடு கூடாது, அந்தப் பாட்டு மரபோடு ஒன்றிப்போனது என்பதால் பாடிக்கொள்ளலாம் என்கிற சமரசத்தில் காலம் ஓடுகிறது. முதல் பத்தியில் கடவுள் நேரடியாக வருவதில்லை என்பதால் பல பள்ளிகளில் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஈடாவின் பாட்டைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை. லின்ஷோப்பிங் பள்ளியில் முக்காடு போட்ட அம்மாக்கள் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டே வாயசைத்ததைப் பார்த்தேன். எந்தச் சாமியும் இல்லாத பாட்டு, எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்திவிடுகிறது. “என் காலத்தில் முதல் பாட்டுக்காக இரண்டாவதைப் பொறுத்துக்கொண்டார்கள். இப்போது தலைகீழ்” என்றார் ஆசிரியை. வருத்தமா, குறும்பா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

வெயிலுக்குக் குடை பிடித்து வளர்ந்தவனுக்குக் கோடை மீதான இந்த ஆவேசம் எளிதில் பிடிபடாது. அதற்கு இங்குள்ள வானிலைத் துறையின் கணக்கு உதவியது. ஸ்வீடனில் கோடைக்கு நாள்காட்டித் தேதி கிடையாது. ஓர் ஊரில் தொடர்ந்து ஐந்து நாட்கள் சராசரி வெப்பநிலை 10 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் அந்த ஊருக்குக் கோடை வந்துவிட்டது என்று அறிவிப்பார்கள். தெற்கே மே மாதத்திலேயே வந்துவிடும். வடக்கே ஜூன் ஆகும். உயர்ந்த மலைப்பகுதிகளில் சில ஆண்டுகள் வராமலே போவதும் உண்டு. ஆக, கோடை வராமல் போய்விடலாம் என்று ஈடா மிரட்டுவது குழந்தைப் பேச்சு இல்லை. அரசாங்க அளவுகோலே அதை ஒப்புக்கொள்கிறது.

லிண்ட்கிரெனின் ஊரான விம்மர்பிக்கு ஆசிரியையோடு கிளம்பினேன். லின்ஷோப்பிங்கிலிருந்து அங்கே போகும் ரயில் பாதையில் மின்கம்பி கிடையாது. ஒற்றைத் தண்டவாளத்தில் டீசல் ரயில், பேருந்தைப் போலக் குலுங்கிக்கொண்டு போகிறது. ஏரி, காடு, காட்டுக்கு நடுவே வெட்டவெளி, அதில் சிவப்பு வீடு, மறுபடி ஏரி. அந்தச் சிவப்பு, ஃபாலுன் செப்புச் சுரங்கத்து மண்ணிலிருந்து வரும் சாயம். மூலைகளுக்கும் சன்னல் சட்டங்களுக்கும் மட்டும் வெள்ளை. தண்டவாளத்தின் ஓரம் முழுக்க லூபின் பூக்கள் ஊதாவும் ரோஸுமாக நின்றன. அழகாக இருக்கிறதே என்றேன். மற்ற காட்டுப்பூக்களை நெருக்கி அழிக்கும் வந்தேறிச் செடி அது என்று ஆசிரியை முகத்தைச் சுளித்தார். ஈடா செய்யாத பூ போலிருக்கிறது.

ஸ்மோலாந்து என்கிற இந்த மாகாணம் கல் நிறைந்த மண்ணுக்குப் பேர் போனது. வயலில் உழுவதற்கு முன் கல் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லை வேலியாக அடுக்க வேண்டும். நூற்றாண்டுகளாக அடுக்கிய கல்வேலிகள் காட்டுக்குள்ளும் ஓடுகின்றன. ஒரு காலத்தில் அங்கே வயல் இருந்து, கைவிடப்பட்டு, மரம் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஸ்வீடன்காரர்களில் இந்த மாகாணத்தார் மிக அதிகம். புல்வெளி பச்சையாவது இங்கே இயற்கையின் லீலை கிடையாது. யாரோ கல் பொறுக்கியதால்தான் அங்கே புல்வெளியே இருக்கிறது.

விம்மர்பி சிறிய ஊர். மரவீடுகள் வரிசையாக நிற்கும் பெரிய தெரு, சதுக்கம், சதுக்கத்தில் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் லிண்ட்கிரென் சிலை. எந்தக் கடைச் சன்னலிலும் அவர் கதைச் சிறுமி பிப்பி நீள்காலுறையின் சிவப்புச் சடை தொங்குகிறது. ஊர்ப்புறத்தில் அவர் கதைகளுக்கென்றே பூங்கா ஒன்று. நுழைவுச் சீட்டு விலையைப் பார்த்துவிட்டு நான் வெளியிலிருந்தே வணங்கிவிட்டு வந்தேன்.

ஊருக்கு அவர் மீது எப்போதும் இவ்வளவு பிரியம் இருந்ததில்லை. 1907இல் ஊரோரத்துப் பண்ணையான நேஸில் பிறந்தவர். அப்பா தேவாலயத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதவர். உள்ளூர்ப் பத்திரிகையில் பயிற்சிக்குச் சேர்ந்து, 1926இல் திருமணமாகாமல் கர்ப்பமானபோது ஊர்வாய்க்கு அஞ்சி ஸ்டாக்ஹோமுக்குப் போனார். பிள்ளையைக் கோபன்ஹேகனில் வளர்ப்புத் தாயிடம் மூன்று ஆண்டுகள் விட்டுவைக்க நேர்ந்தது. பெரியவர்களின் உலகத்தில் குழந்தை எவ்வளவு கையாலாகாத நிலையில் நிற்கிறது என்பதை அவருக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை. அவருடைய குழந்தைகள் எல்லாரும் ஏன் இவ்வளவு அதிகாரத்தோடு பேசுகிறார்கள் என்பதற்கு விம்மர்பி ஒரு பதில். பிப்பி குதிரையைத் தூக்குகிறாள். ஈடா வானத்துக்குச் சாயம் அடிக்கிறாள்.

நேஸில் அந்தச் சிவப்பு வீடு அப்படியே இருக்கிறது. தோட்டத்தில் குழந்தைகள் ஏறி விளையாடிய உள்ளீடற்ற எல்ம் மரமும் உண்டு. பிப்பியின் கதையில் சோடா காய்க்கும் மரம் அதுதான். ஆனால் எனக்கு ஈடாவின் வீட்டைப் பார்க்க வேண்டும். அதற்குக் கார் வேண்டும். ஆசிரியையின் உறவினர் ஒருவர் தம் பழைய வால்வோவைத் தந்தார்.

எமீல் கதைகள் நடப்பது லோன்னெபெர்யாவில். அப்படியொரு ஊர் உண்மையாகவே இருக்கிறது. படம் எடுத்தது அங்கே இல்லை. விம்மர்பியிலிருந்து இருபது கிலோமீட்டர் போல உள்ளே, யிப்பெரிட் என்ற இடத்துப் பண்ணையில் இயக்குநர் ஊல்லே ஹெல்போம் எழுபதுகளின் தொடக்கத்தில் கேமராவை வைத்தார். கதையில் வரும் காட்ஹுல்ட் பண்ணையாக அன்றிலிருந்து ஸ்வீடன்காரர்கள் மனத்தில் இருப்பது இந்த வீடுதான். சிவப்பு வீடு, கொடிக்கம்பம், தச்சுக் கொட்டகை, தள்ளி நிற்கும் கழிப்பறை. எமீலின் அப்பா சன்னல் வழியே வெளியே வர முயன்று சிக்கிக்கொண்ட கழிப்பறை அது. ஜெர்மன் குடும்பம் ஒன்று அதன் முன் வரிசையில் நின்று படமெடுத்துக்கொண்டது. ஜெர்மனியில் எமீலுக்கு மிஹேல் என்று பெயர். எரிஷ் கெஸ்ட்னரின் துப்பறியும் சிறுவன் எமீல் அங்கே ஏற்கெனவே பிரபலம் என்பதால் இவன் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று.

தச்சுக் கொட்டகைக்குள் பலகை அடுக்குகளில் விரல் நீள மரப்பொம்மைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தொப்பி போட்டவர், குச்சி ஊன்றியவர், வாய் கோணியவர். ஒவ்வொரு குறும்புக்கும் அப்பா ஆன்டன் ஸ்வென்சன் கத்திக்கொண்டு துரத்த, எமீல் ஓடி வந்து நுழைவது இந்தக் கொட்டகையில். அப்பா வெளியே தாழிடுவார். எமீல் உள்ளே தாழிட்டுக்கொண்டு பொம்மை செதுக்குவான். உள்பக்கத் தாழைத் தொட்டுப் பார்த்தேன். கதை நடக்கும் காலத்தில் ஸ்மோலாந்துப் பண்ணையில் தப்புச் செய்த பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டியது பிரம்படி. லிண்ட்கிரென் அதற்குப் பதில் கதவு வைத்தார், இரண்டு பக்கமும் தாழ் உள்ள கதவு. 1978இல் ஃபிராங்க்பர்ட்டில் ஜெர்மன் புத்தக வணிகத்தின் அமைதிப் பரிசு வாங்கும்போது, பிள்ளைகளை அடிப்பதற்கு எதிராகப் பேசப்போகிறார் என்று தெரிந்து, பரிசை மட்டும் வாங்கிக்கொள்ளும்படி கேட்டார்களாம். பேச விடாவிட்டால் வரமாட்டேன் என்று சொல்லிப் பேசினார். மறு ஆண்டு, பிள்ளைகளை வீட்டிலும் அடிக்கக்கூடாது என்று உலகிலேயே முதலில் சட்டம் போட்ட நாடு ஸ்வீடன்.

கொடிக்கம்பம் நான் நினைத்ததைவிட உயரம். தூரத்தில் இருக்கும் மரியானெலுண்டு என்ற ஊரைப் பார்க்க ஆசைப்பட்ட தங்கையை எமீல் இதில்தான் கொடி மாதிரி ஏற்றிவிட்டான். கதைகளில் ஈடாவின் நிலை பெரும்பாலும் இப்படித்தான். அண்ணன் ஏதாவது செய்வான், அது அவளுக்கு நடக்கும். மேலே இழுத்தால் மேலே போவாள், இறக்கினால் இறங்குவாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் லிண்ட்கிரென் இந்தப் பாட்டைக் கொடுத்தார் என்பது அந்தக் கம்பத்தடியில் நின்றபோதுதான் உறைத்தது. எமீலுக்கு இந்தப் பாட்டைக் கொடுத்திருந்தால் இன்னொரு குறும்பு என்று போயிருக்கும். ஈடாவின் வாயில் அது உரிமைக் கோரிக்கை. 1984இல் ஈடாவே குறும்பு செய்யக் கிளம்புவதாக ஒரு கதையும் எழுதினார். கொட்டகையில் தானும் ஒருமுறை உட்கார வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

பனியை அகற்றும் விஷயமும் இங்கே வந்தபின் வேறு கனத்தோடு தெரிந்தது. 1970இல் வந்த எமீல் புத்தகத்தில், பண்ணையாள் ஆல்ஃபிரெட்டுக்குக் கையில் பட்ட காயத்தால் ரத்தம் விஷமாகிறது. வழியெல்லாம் பனி. யாரும் போகத் துணியாத நேரத்தில், சின்னப் பையன் எமீல் குதிரை பூட்டி அவனை மரியானெலுண்டு டாக்டரிடம் கொண்டுபோகிறான். கம்பத்திலிருந்து ஈடா பார்க்க விரும்பிய அதே மரியானெலுண்டு. கோடையில் எட்டிப் பார்க்கும் தூரம், பனியில் உயிர் போகும் தூரம். இது தெரிந்த வீட்டுப் பெண்தான் பனியை நானே எடுத்துப் போட்டேன் என்கிறாள்.

நின்ற நேரத்தில் கணுக்காலைக் கொசு பதம் பார்த்துவிட்டது. தலைக்கு மேலே நாலைந்து தகைவிலான்கள் கொட்டகையின் கூரைக்கும் வயலுக்குமாகப் பாய்ந்துகொண்டிருந்தன. ஈடாவின் ஏற்பாட்டில் என் பங்கையும் சேர்த்துக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் ஆசிரியை ரீடலைப் பற்றிப் பேசினார். ஈடாவின் பாட்டுக்கு மெட்டைப் போட்டவர் ஸ்மோலாந்துக்காரர் அல்லர், ஸ்வீடனில் பிறந்தவரே அல்லர். 1934இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் கார்ல்ஸ்பாட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி நான்கு வயதில் இங்கே வந்தவர். வளர்ந்து ஜாஸ் இசையில் பெரிய பாஸ் வாத்தியக் கலைஞர் ஆனார். 1964இல் யான் யூஹான்சன் வெளியிட்ட ‘ஜாஸ் ஸ்வீடிஷ் மொழியில்’ என்கிற இசைத்தட்டில் இருப்பது இரண்டே வாத்தியம்: யூஹான்சனின் பியானோ, ரீடலின் பாஸ். பழைய நாட்டுப்புற மெட்டுகளை அவசரமில்லாமல் வாசித்திருப்பார்கள். ஸ்வீடனில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் தட்டு அது. அந்த விரல்களிலிருந்து வந்த மெட்டு என்பதால்தான் ஈடாவின் பாட்டு குழந்தைப் பாட்டுக்கே உரிய அசட்டுத் துள்ளல் இல்லாமல் இருக்கிறது. “அது காலங்காலமாக இங்கே கிடந்த மெட்டு என்று என் மாணவர்கள் நினைப்பார்கள். அகதியாக வந்த பையன் போட்டது என்றால் நம்பமாட்டார்கள்” என்றார். ரீடல் 2024 பிப்ரவரியில் தொண்ணூறு வயதில் காலமானார்.

சாலையோர வேலிக்குப் பின்னால் மாடுகள் மேய்ந்தன. இதற்கும் பாட்டெழுதிய அம்மாவுக்கும் தொடர்பு உண்டு. எண்பதுகளில், தொழிற்சாலை போல நடந்த பண்ணைகளில் விலங்குகள் படும் பாட்டைப் பற்றி, கால்நடை மருத்துவர் கிறிஸ்டினா ஃபொர்ஸ்லுண்டுடன் சேர்ந்து லிண்ட்கிரென் செய்தித்தாளில் தொடர்ந்து எழுதினார். கட்டுரை என்று பெயர், பாதி கதையாகவே இருக்கும். 1987 நவம்பரில் அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்குப் பிரதமர் இங்வார் கார்ல்சன் கொண்டுவந்த பரிசு புதிய விலங்குநலச் சட்டம் பற்றிய அறிவிப்பு. 1988இல் சட்டம் வந்தது. கறவை மாடுகளைக் கோடையில் மேய்ச்சலுக்கு வெளியே விட்டாக வேண்டும் என்பது அதன் வழியே விதியானது. மக்கள் அதற்கு லிண்ட்கிரென் சட்டம் என்றே பெயர் வைத்தார்கள். அவருக்கோ திருப்தியில்லை. வெட்டிக் குறைத்துவிட்டார்கள் என்று முணுமுணுத்தார். புல்வெளியைப் பச்சையாக்குகிறேன் என்று பாட்டில் ஒரு சிறுமியைச் சொல்ல வைத்தவர், பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் புல்லில் மாட்டை நிறுத்துவதற்குச் சட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். யாராவது முனைந்தால்தான் ஆகும் என்பதை அவர் பாட்டோடு விட்டுவிடவில்லை.

வசந்தத்தில் மாடுகளை முதன்முதலாகத் தொழுவத்திலிருந்து திறந்துவிடும் நாளுக்கு நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வேலியோரம் நிற்பார்கள். அரை டன் எடையுள்ள கிழட்டுப் பசுக்கள் கன்றுபோலப் பின்னங்காலை உதைத்துக் குதிக்குமாம். நான் வந்தபோது அது முடிந்திருந்தது. அண்மையில் இந்த மேய்ச்சல் விதியைத் தளர்த்தலாம் என்ற யோசனை கிளம்பியபோது நாட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. பால் விலைக் கணக்கும் ஈடாவின் பாட்டும் எதிரெதிரே நின்றன என்று சொன்னால் மிகையில்லை.

கார் ஓரிடத்தில் நின்றது. கல்வேலியின் வெயில் படும் பக்கத்தில் காட்டு ஸ்ட்ராபெரி பழுத்திருப்பதை ஆசிரியை ஓட்டிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டார். சுண்டுவிரல் நகத்தளவு பழம். கடைப்பழத்தில் இல்லாத வாசனை, கையில் எடுத்ததும் மூக்குக்கு வந்துவிடுகிறது. காட்டில் யாரும் நடக்கலாம், பழமும் காளானும் பறிக்கலாம் என்பது இங்கே எல்லாருக்கும் உள்ள உரிமை. வேலியோரத்தில் கதிர்விட்ட புல் ஒன்றைப் பிடுங்கி, தண்டின் அடிமுனையால் பழத்தின் நடுவே குத்தி ஏற்றினார். கதிர் கீழே தடுப்பாக நின்றுகொள்ள, பழம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. கை முழுக்கப் பழம் வைத்துக்கொண்டால் நசுங்கிவிடும், இப்படிக் கோத்தால் வீடு வரை போகும் என்று சிறுபிள்ளையிலேயே எல்லாருக்கும் பழக்கமாம். எங்கள் பழம் கார்க் கதவு வரைதான் போயிற்று.

ஜூன் 19க்கும் 25க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமையை 1953 முதல் நடுக்கோடை விழாவின் முன்நாளாக வைத்திருக்கிறார்கள். உண்மையான கொண்டாட்டம் அன்றுதான். அதற்கு விம்மர்பிக்கு அருகே ஒரு கிராமத்துக்கு, கார் தந்த அந்த உறவினர் வீட்டாரோடு போனேன். இலையும் பூவும் சுற்றிய கம்பத்தைப் பத்துப் பேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள். இருபுறமும் வளையம் தொங்கும் கம்பம். அக்கார்டியன், வயலின். புல்தரையில் நீள மேசை, ஊறவைத்த ஹெர்ரிங் மீன், சோயிக்கீரை போட்டு வேகவைத்த புது உருளைக்கிழங்கு, புளிப்புப் பாலேடு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், ஸ்ட்ராபெரி கேக்.

முதல் உருளைக்கிழங்கு வாய்க்குப் போவதற்குள் தூறத் தொடங்கியது. நான் எழுந்தேன். வேறு யாரும் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அடுத்தவர் கேக்குக்கு மட்டும் குடை பிடித்தார். மழை வலுத்தது. எங்கிருந்தோ மழைக்கோட்டுகள் வந்தன. போர்வைகள் வந்தன. உருளைக்கிழங்குச் சட்டியில் தண்ணீர் சேர்ந்தது. வீட்டுக்குள் போகலாமே என்று மெதுவாகக் கேட்டேன். வீட்டுக்காரர் என்னைச் சற்று விநோதமாகப் பார்த்தார். “மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தால் எங்களுக்குக் கோடையே வராதே!” என்றார்.

கம்பத்தைச் சுற்றித் தவளை ஆட்டம் ஆரம்பித்திருந்தது. காதும் இல்லாத வாலும் இல்லாத தவளைகளைப் பற்றிய பாட்டு. மெட்டு பிரெஞ்சுப் படையின் பழைய அணிவகுப்புப் பாட்டிலிருந்து வந்தது என்பார்கள். காதும் வாலும் இல்லை என்று காட்டக் கையைத் தலையோரமும் பின்புறமும் வைத்து ஆட்டிவிட்டு, குந்திக்குந்தித் தாவ வேண்டும். வங்கி மேலாளர், தாதி, மேடையில் பேசிய நகராட்சி உறுப்பினர், எல்லாரும் சேற்றில் தாவிக்கொண்டிருந்தார்கள். வீட்டுச் சிறுமி என்னிடம் ஒரு மழைக்கோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. அதனாலென்ன என்பதுபோல் விரலைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தாள். அடுத்த சுற்றில் நானும் தாவினேன், மற்றவர்களைவிட அரைத் தாளம் பிந்தி.